காட்டுத் தீயும் ஊர்க் கூட்டும்



இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், குமாவூன் என்றொரு பகுதி உண்டு. அதன் மலைச்சரிவுகளில் சீர் பைன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. வேனிற்காலத்தில் அவற்றின் ஊசியிலைகள் உதிர்ந்து தரையெங்கும் மெத்தைபோலப் படிகின்றன. ‘பிருல்’ என்பது அச்சருகுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். பிசின் கலந்த பிருல் எளிதில் மக்குவதில்லை. ஒரு பொறி விழுந்தால் போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

இத்தீயைத் தடுப்பவர் யார்? இக்கேள்விக்கு வரலாறே விடை கூறுகிறது. 1911க்கும் 1917க்கும் இடையில் ஆங்கில அரசு குமாவூனின் பெரும் வனப்பரப்பைத் தன் காப்புக்காடாக ஆக்கிக்கொண்டது. விறகும் புல்லும் தழையும் தந்துவந்த காடு குடிகளுக்கு அயலாயிற்று. 1921ஆம் ஆண்டுக் கோடையில் அக்காடுகள் பல இடங்களில் எரிந்தன. அவற்றுள் பல, மனம் கசந்த மக்களே வைத்த தீ. தண்டனையால் மட்டும் காட்டைக் காக்க இயலாது என்பதை அரசு உணர்ந்தது. குறைகேட்கக் குழு அமைத்தது. 1931இல் ‘வன பஞ்சாயத்து’களுக்கு விதி வகுத்தது. ஊரார் தாமே தேர்ந்தெடுத்த குழுவினர் புல்லையும் விறகையும் முறையாகப் பங்கிட்டனர். அத்துமீறியவரிடம் தண்டம் வாங்கினர். இன்று அம்மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன.

ஆயினும் நெருப்பு ஓயவில்லை. 2024 ஜூன் மாதம் அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் நால்வர் அன்றே மாண்டனர். காரணங்கள் பல. பின்னாளில் திருத்தப்பட்ட விதிகள் வனத்துறையின் அதிகாரத்தை மிகுவித்தன. மற்றொன்று, மலையூர்களில் ஆள் இல்லை. பிழைப்பைத் தேடி இளைஞர் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். விளைநிலங்கள் தரிசாகிப் புதர் மண்டின. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அந்த வெறுமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. அதே மாவட்டத்துச் சீத்லாகேத் பகுதியில், வரப்போரத்துக் குப்பையையும் புதரையும் மார்ச்சு முடிவதற்குள்ளேயே எரித்துவிடுவதென மக்கள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். கோடை முற்றும்போது வயலில் வைக்கும் நெருப்பு காட்டுக்குத் தாவுவது இதனால் குறைகிறது. தீயணைப்பில் அவ்வூர்ப் பெண்கள் முன்னிற்கின்றனர். வேறு இடங்களில் பிருலைத் திரட்டி எரிகட்டியாக்குகின்றனர். அதைச் சேர்த்துத் தருவோர்க்கு அரசும் விலை கொடுக்கிறது. தீக்கு இரையாகும் சருகு அடுப்புக்கு எரிபொருளாகிறது, காடும் தப்புகிறது, ஏழைக்கும் நாலு காசு கிடைக்கிறது.

காட்டைக் காப்பவனுக்குக் காட்டில் உரிமையும் வேண்டும், ஊரில் பிழைப்பும் வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில், புகை தெரிந்தவுடன் யாரும் அழைக்காமலே ஊர் எழுந்து ஓடும். இல்லாத இடத்தில், எரிவது எவருடைய காடோ என்று கதவைச் சாத்திக்கொள்ளும்.