ஊட்டி மலை ரயிலுக்கு ஏன் ஐந்து மணி நேரம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். பேருந்து பாதி நேரத்துக்குள் ஏறிவிடும். மலை ரயிலுக்கோ ஏறத்தாழ ஐந்து மணி நேரம். காலத்துக்கு ஒவ்வாத வண்டி என்று எதிரணியினர் ஒதுக்கிவிட்டார்கள். 1908-லிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டி அது. 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றதும் அதைத்தான்.

ஐந்து மணி நேரம் எங்கே போகிறது? கல்லாறு தாண்டியதும் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம்; இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. அதுவும் இழுக்கவில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது! முன்னே பாறை விழுந்திருந்தாலும், யானை நின்றாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டுகிறார். மொத்தம் 208 வளைவுகள், 250 பாலங்கள். அத்தனை பேர் உயிரும் அந்தக் கொடித் துணியில்தான். அங்கே அவசரப்படச் சொல்வீர்களா?

ஹில்குரோவில் இயந்திரம் தண்ணீர் குடிக்கிறது, பயணிகள் தேநீர் குடிக்கிறார்கள், குரங்குகள் கையிலிருக்கும் வடையைப் பறிக்கின்றன. குன்னூரில் டீசல் இயந்திரம் மாட்டுகிறார்கள். அவசரக்காரர்கள் அங்கே ஏறிக்கொள்ளலாம்!