ஒரு மாணவி கண்ட நூலற்ற நாடு



நல்லதொரு நாடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கனவு கண்ட புலவர்கள் நம் மொழியிற் பலர். கம்பர் தீட்டிய கோசல நாட்டை அறியாதார் யார்? இதற்கு மறுதலையாக, ஒரு நாடு எவ்வாறு ஆகிவிடலாகாது என்ற அச்சத்தினாற் பிறந்த நவீனங்கள் மேலைநாட்டு இலக்கியத்தில் தனியொரு வரிசையாக நிற்கின்றன. 1932ஆம் ஆண்டில் ஆல்டஸ் ஹக்ஸ்லியும், 1949ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஓர்வெல்லும், 1953ஆம் ஆண்டில் அமெரிக்கரான றே பிராட்பரியும் வெளியிட்டவை அவ்வரிசையில் முதன்மையானவை. பிராட்பரியின் நவீனத்துக்கு ‘பரன்ஹைட் 451’ என்பது பெயர். நூற்றாள் தீப்பற்றும் வெப்பநிலை அதுவென்பது ஆசிரியர் தரும் விளக்கம்.

அந்நூலைத் திறனாய்வு செய்வது இன்று என் நோக்கமன்று. ஒரு புறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், ஆலங்குடாவில் வாழும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அதனைப் படித்துவிட்டு எழுதித் தந்த கட்டுரையைப் பற்றியே பேச எண்ணுகின்றேன். நான் கொடுத்த வினாக்கள் இரண்டே. பாத்திரங்களுள் உன் உள்ளத்தைத் தொட்டவர் யார்? அச்சமுதாயம் அந்நிலைக்கு வந்தது எவ்வாறு?

கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். வருங்காலத்தில் ஒரு நகரம். அங்கே வீடுகள் தீப்பற்றா வண்ணம் அமைக்கப்பட்டுவிட்டன. ஆகவே தீயணைப்புப் படையினருக்கு வேறொரு தொழில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒளித்து வைக்கப்பட்ட நூல்களைத் தேடிச் சென்று, அவற்றை வீட்டோடு எரிப்பதே அத்தொழில். அப்படையில் ஒருவன் மொண்டாக். நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கிளாரிஸ் என்னும் அயல்வீட்டு இளம்பெண் அவனை ஒரு நாள் வினவுகிறாள். தன் நூல்களைப் பிரிய மனமின்றி அவற்றோடு தானும் எரிந்து மாய்கிறாள் ஒரு மூதாட்டி. இவ்விரண்டும் அவன் நெஞ்சை உலுக்கிவிடுகின்றன. அவனும் நூல்களை ஒளித்து வைக்கத் தொடங்குகிறான். காட்டிக்கொடுக்கப்படுகிறான், தப்பி ஓடுகிறான். நகர்க்கு அப்பால், ஆளுக்கொரு நூலை நெஞ்சிற் பதித்துக் காத்து வரும் சிலரை வந்தடைகிறான். நகரமோ போரில் ஒரு கணத்தில் அழிகிறது.

இக்கதையைப் படிக்கும் இளையோர் பெரும்பாலும் கிளாரிஸையே விரும்புவர். மழையை நாவிற் சுவைத்து, நிலவைப் பார்த்து நடக்கும் அப்பெண் எவரையும் கவர்வாள். ஆயின் எங்கள் மாணவி தேர்ந்தெடுத்தவள் மொண்டாக்கின் மனைவி மில்ட்ரெட். அவள் அறையில் மூன்று சுவர்கள் முழுவதும் தொலைக்காட்சி. நான்காவது சுவருக்கும் வேண்டுமென்பது அவள் ஆசை. இரவில் இரு காதுகளிலும் சிப்பி வடிவான சிறு வானொலிகள். திரையில் தோன்றுவோரையே தன் குடும்பம் என்கிறாள். தானும் கணவனும் முதன்முதலிற் சந்தித்தது எங்கே என்று கேட்டால் அவளுக்கு நினைவில்லை. ஓரிரவு உறக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொள்கிறாள். பிழைத்தெழுந்த காலையில் அதுவும் நினைவில்லை. இறுதியில் கணவனைக் காட்டிக்கொடுப்பவளும் அவளே.

“இவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் மாலையில் ஓரறையில் ஐந்து பேர் இருக்கிறோம். நான்கு கைப்பேசிகளும் இருக்கின்றன. கைப்பேசி இல்லாத உம்மம்மா ஒருவரே மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று அம்மாணவி எழுதியிருந்தாள்.

நான் அவளை அழைத்து, “இரக்கம் நன்று மகள், ஆனால் கணவனையே காட்டிக்கொடுத்தவளை மன்னித்துவிடலாமா?” என்று கேட்டேன். “சேர், முதற் சந்திப்பையே மறந்தவளிடம் விசுவாசத்தை எப்படிக் கேட்பது? நினைவிருந்தால்தானே விசுவாசம்?” என்றாள். இம்மறுமொழியைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். நூலை இழந்த மக்கள் அறிவை இழப்பர் என்றே நாம் பொதுவாகச் சொல்கிறோம். அவள் கண்டது அதனினும் அண்மையானது. நினைவை இழந்தவர் உறவையும் இழப்பர் என்பதே அது.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். நூல் எரிப்போரின் தலைவனாகிய பீற்றி நிறையப் படித்தவன். இத்தடை அரசாங்கத்தின் ஆணையாகத் தொடங்கவில்லை, மக்கள் தாமே வாசிப்பைக் கைவிட்டார்கள், நெருப்பு பின்னர்தான் வந்தது என்று அவன் மொண்டாக்கிடம் கூறுகிறான். இக்கூற்றை எங்கள் மாணவி இரண்டு உதாரணங்களால் உரைத்துப் பார்த்தாள்.

ஒன்று யாழ்ப்பாணப் பொது நூலகம். அவளுடைய உம்மம்மா யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புத்தளப் பகுதிக்கு வந்து சேர்ந்த பல்லாயிரவருள் ஒருவர். 1959ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற அந்நூலகக் கட்டடத்தில் சிறுமியாக இருந்து படித்தவர். ஏறத்தாழ 97,000 நூல்கள் கொண்ட அந்நிலையம் 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த வேளையில் எரிக்கப்பட்டதைத் தம் வாழ்நாளிற் கண்டவர்.

மற்றொன்று அவளுடைய வாப்பாவின் வீட்டு அலுமாரியில் துணியிற் சுற்றி வைக்கப்பட்டுள்ள அரபுத்தமிழ் நூல். தமிழ்மொழியை அரபு வரிவடிவில், வேண்டிய இடங்களிற் சில புதிய எழுத்துக்களையும் அமைத்துக்கொண்டு எழுதிய மரபு நம் முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலம் நிலவியது. அம்மரபில் மார்க்க நூல்களும் பாடல்களும் ஏராளம். அவ்வீட்டில் யாவரும் குர்ஆன் ஓதுவர். ஆயினும் அரபுத்தமிழைப் படிக்க வல்லார் இன்று ஒருவருமிலர். “இதனை யாரும் தடை செய்யவில்லை, யாரும் எரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எரிந்த நூல்களுக்காக அழுதவர்கள் இருந்தார்கள். எங்கள் அலுமாரியில் உள்ள நூலுக்கு அழுவார் இல்லை” என்பது அவள் வாக்கு.

உண்மைதான். யாழ்ப்பாணத்து நெருப்பைக் குறித்துக் கவிஞர் எம். ஏ. நுஃமான் பாடிய ‘புத்தரின் படுகொலை’ இன்றும் பேசப்படுகிறது. நூலகமும் மீளக் கட்டப்பெற்று இயங்குகிறது. பெட்டியில் உறங்கும் நூலுக்கு அவ்வாறு எழுந்து வருவார் யார்?

இருப்பினும் ஓரிடத்தில் நான் அவளோடு வேறுபட்டேன். மக்கள் வாசிப்பைக் கைவிட்டதனாலேயே நெருப்பு வந்தது என்பவன், தீயைக் கையில் ஏந்தி நிற்பவன். தன் குற்றத்தை மற்றவர்மேற் சுமத்துவதில் அவனுக்கு ஆதாயம் உண்டு. 1933ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பேர்லின் நகரச் சதுக்கத்தில் நாசிகள் நூல்களைக் குவித்து எரித்தது, அங்கே வாசிப்பு வற்றியதனாலன்று. யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. மக்கள் போற்றிப் படித்த காரணத்தினாலேயே சில நூலகங்கள் எரிக்கப்படுகின்றன. ஆகவே நூலுக்கு வரும் சாவு இருவகை. ஒன்று பகைவன் தருவது; மற்றொன்று நாம் தருவது. முன்னதைக் கண்டிக்க வேண்டும். பின்னதைத் தடுக்க வேண்டும். மாணவி இதனைக் கேட்டுத் தலையசைத்தாள். முழுவதும் ஒப்பினாள் என்று சொல்லமாட்டேன்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாவும் உண்டென்பதற்கு இந்நவீனமே சான்று. 1967ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடசாலைகளுக்கென வெளியிட்ட பதிப்பில், பதிப்பகத்தார் சுமார் 75 இடங்களில் சொற்களை ஆசிரியருக்குத் தெரியாமலே மாற்றிவிட்டனர். பல்லாண்டுகளின் பின் இதனை ஆசிரியருக்கு எழுதித் தெரிவித்தவர்கள் அந்நூலைப் படித்த மாணவர்களே. அதன் பின்னரே மூலபாடம் மீண்டது. கவனமாகப் படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கும்வரை நூலுக்கு ஒரு காவலன் உண்டென்பதை இதனால் அறிகிறோம்.

மனிதர் நூலாக மாறும் அந்த இறுதிப் பகுதியைக் கற்பனையின் மிகை என்று வகுப்பிற் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவள் தம்பி குர்ஆனை மனனம் செய்யும் மாணவன். அதிகாலையிற் கடற்காற்றின் இரைச்சலுக்கு மேலாக அவன் ஓதும் குரல் கேட்கும் வீடு அது. நம் முன்னோரும் திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனனம் செய்து வளர்ந்தவரே. எனினும் மனனம் செய்தோர் மறைந்தால் நூலும் மறையும் என்பதனாலன்றோ, சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்தனர்! 1887ஆம் ஆண்டில் முன்னவர் கலித்தொகையையும் பின்னவர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றினர். நெஞ்சமும் வேண்டும், அச்சும் வேண்டும், எடுத்துப் படிக்கும் கையும் வேண்டும்.

பிராட்பரி பல்கலைக்கழகம் சென்றவரல்லர். பொது நூலகங்களே அவரை வளர்த்தன. இந்நவீனத்தையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரைமணி நேரத்துக்குப் பத்துச் சதம் செலுத்தி, வாடகைத் தட்டச்சுப் பொறியில் எழுதினார். நூலகத்தினால் வாழ்ந்தவர் நூலகத்துக்குச் செலுத்திய கடன் அது.

நேயர்களே, காதில் ஒலிக்கும் குரல் மக்களை மறக்கச் செய்கிறது என்று அஞ்சிய நூலைப் பற்றி, வானொலி வாயிலாகவே உங்கள் செவிக்குக் கூறிக்கொண்டிருக்கின்றேன். கேட்பது குற்றமன்று, கேட்டதோடு நின்றுவிடுவதே குறை. இப்பேச்சு முடிந்ததும் வீட்டிலுள்ள பழைய நூலொன்றை எடுத்து, பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, முதியவர் பொருள் சொல்லக் கேளுங்கள். நாளுக்குக் கால்மணி நேரம் போதும்.

அம்மாணவி தன் பங்கைத் தொடங்கிவிட்டாள். அரபுத்தமிழ் அறிந்த மூதாட்டி ஒருவர் அயலில் இருக்கிறார். வாரத்தில் இரண்டு மாலை அவரிடம் சென்று எழுத்தெழுத்தாகக் கற்று வருகிறாள். இதுவரை பதினொரு பக்கங்கள் முடிந்திருக்கின்றன.