துஆவும் வேண்டும், ஓ.பி. சீட்டும் வேண்டும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ உதவி கேட்டு நமக்கு வரும் மனுக்களில் இதயம், சிறுநீரகம், பிரசவம் என்று எல்லாம் இருக்கும். மனநோய் என்று எழுதிய மனு அநேகமாக வருவதே இல்லை. தூக்கமில்லை, தலைவலி, பலவீனம் என்று எழுதி வருவார்கள். தனியே உட்கார வைத்துப் பேசினால்தான், பையன் மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை என்பது தெரியும். "மகளுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம், வெளியே தெரிஞ்சா யாரு வருவாங்க?" என்று கேட்கும் உம்மாமாரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க மருத்துவரும் உளவியலாளரும் கடமைப்பட்டவர்கள். நம் தெருவைவிட அந்த அறையில் ரகசியம் பத்திரமாக இருக்கும்.

ஓதிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியுமா? சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள், ஓலைக் கொட்டகையில் பற்றிய தீயிலிருந்து ஓட முடியாமல் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாதவர்கள். இத்தனைக்கும், உடலுக்கு நோய் வருவதுபோல் மனதுக்கும் வரும், இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதியவர் அபூ ஸைத் அல்-பல்கி. நமக்கு இது புதிய செய்தியே அல்ல.

சரி, யாரிடம் போவது? சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் எனப்படும் உளவியலாளர் பேசி, பயிற்சி கொடுத்துச் சிகிச்சை செய்வார். மருந்து எழுதக் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று ஒருவர் பலகை வைத்திருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு கவுன்சலிங் என்று பணம் வாங்குவோரும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம். சகோதரிகள் பெண் உளவியலாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதையும் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறது. உங்கள் ஊருக்கு என்றைக்கு என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் விசாரியுங்கள். இரவு நேரத்தில் நெஞ்சு பதறினால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

இனி காப்பீடு. அது கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஃபத்வா கொடுப்பவர்கள் அல்ல. கம்பெனி வேலையில் இருப்போருக்கு அது தானாகவே வந்துவிடுகிறது, சிலர் சொந்தமாகவும் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறோம். அதே 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் 24 மணி நேரமாவது படுத்துச் சிகிச்சை பெற்றால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வரும் கட்டணம், ஓ.பி.டி. வசதி உள்ள பாலிசியில் மட்டுமே கிடைக்கும். இது தெரியாமல் ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். ஆகவே கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, மனநலத்துக்கு ஓ.பி.டி. உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, இந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள். வாய் வார்த்தை கிளெய்ம் நேரத்தில் உதவாது.

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு தம்பியை அவருடைய வாப்பா தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்துப் பார்த்தார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. காரணம் மனநோய் அல்ல. பாலிசி எடுக்கும்போது, ஏற்கெனவே சிகிச்சை எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு ஏஜெண்ட் "இல்லை" என்று எழுத, வாப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். வெட்கத்தில் மறைத்த ஒரு வரிக்கு நிலத்தை அடகு வைக்க வேண்டி வந்தது. ஏற்கெனவே உள்ள நோயைச் சொன்னால் அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருக்கச் சொல்வார்கள். பிரீமியம் கூடலாம், சில கம்பெனி மறுக்கவும் செய்யலாம். சொல்லாமல் விட்டாலோ, கட்டிய பிரீமியமும் வீண்.

ஆனால் "மனநோய் என்பதால் தர மாட்டோம்" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். அது சட்டத்துக்கு எதிரானது. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் நிராகரிப்புக்குப் பின் ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்தில் இரண்டு தன்னார்வலர்கள் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். பாலிசியைக் கொண்டு வந்தால் படித்துச் சொல்வார்கள். முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வராதீர்கள். விலக்குகள் எழுதியிருக்கும் பக்கங்கள்தான் முக்கியம். பேச வேண்டுமென்றால் உள்ளே தனி அறை இருக்கிறது. சகோதரிகளுக்கு ஒரு சகோதரி இருப்பார்.