தோற்கும் கழகத்துக்குத் துணை நிற்போர்

வெற்றி பெற்றவரைச் சூழ்ந்து நிற்பது உலகத்தின் இயல்பு. தேர் அசைந்து வரும்பொழுது வீதி நிறைந்த கூட்டம், அது வழியில் நின்றுவிட்டால் மெல்லக் கலைந்து போகிறது. எனினும், நேயர்களே, தேர் ஓடினாலும் நின்றாலும் பிடித்த வடத்தைக் கைவிடாத சிலர் எந்த ஊரிலும் இருக்கவே செய்கின்றனர். அத்தகையோரைப் பற்றியதே இன்றைய பேச்சு. அவர்கள் வாழும் இடம் ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். அவர்கள் பற்றி நிற்கும் வடமோ, பாற்றிக் திசில் என்னும் சிறியதோர் உதைபந்தாட்டக் கழகம்.

கிளாஸ்கோ என்றவுடன் உலகத்தார் நினைவுக்கு வருவன இரண்டு கழகங்களே. ஒன்று செல்ற்றிக், மற்றொன்று றேஞ்சர்ஸ். ஸ்கொட்லாந்தின் உயர்பிரிவுச் சுற்றில், 1986ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரை முடிவுற்ற நாற்பது பருவங்களிலும் முதலிடம் பெற்றவை இவ்விரண்டுமே. மூன்றாவதொரு கழகத்துக்கு அந்த நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் இடங் கிடைத்ததில்லை. இவற்றிடையே உள்ள பகைமை வெறும் ஆட்டப் பகைமையும் அன்று. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க மக்களிடையே தோன்றியது செல்ற்றிக். புரொட்டஸ்தாந்து மக்களின் கழகமாக வளர்ந்தது றேஞ்சர்ஸ். ஆதலின், ஒருவர் எந்தக் கழகத்தின் பக்கம் என்று வினவுவது, பல வேளைகளில், அவர் எந்தச் சமயத்தினர், எந்தத் தெருவினர் என்று வினவுவதாகவே முடிந்தது. பிறந்த வீடே அவ்வினாவுக்கு விடையையும் எழுதி வைத்துவிடும்.

இவ்வாறு இரண்டாகப் பிளவுண்ட நகரத்தில், இரண்டும் வேண்டா என்று மூன்றாவதொன்றைத் தேர்ந்தோரின் கழகம் திசில். 1876ஆம் ஆண்டு பாற்றிக் என்னும் ஊரில் அது தோன்றியது. திசில் என்பது முள் நிறைந்த ஒரு செடியின் பெயர். ஸ்கொட்லாந்தின் தேசியச் சின்னமாக விளங்குவது அச்செடியே. ஆட்டத்துக்கு நிலையானதோர் இடந் தேடி அலைந்த கழகம், 1909ஆம் ஆண்டில் நகரத்தின் மேரிஹில் பகுதியிலுள்ள ஃபேர்ஹில் மைதானத்தைத் தன் வீடாக்கிக் கொண்டது. பாற்றிக் ஊரோ 1912ஆம் ஆண்டு கிளாஸ்கோவுடன் இணைக்கப்பட்டுத் தன் தனியாட்சியை இழந்தது. எனவே, பெயரில் உள்ள ஊரில் கழகம் இல்லை. கழகம் உள்ள இடத்தின் பெயர் கழகத்துக்கு இல்லை. அந்நகரத்து நகைச்சுவை நடிகர் பில்லி கொனலி, அக்கழகத்தின் முழுப் பெயரே ‘பாற்றிக் திசில் பூச்சியம்’ என்று தாம் நெடுங்காலம் எண்ணியிருந்ததாகக் கூறிச் சிரிக்க வைத்தாராம். வானொலியில் ஆட்ட முடிவுகளை வாசிக்கும்பொழுது, அக்கழகத்தின் பெயரை அடுத்துப் பூச்சியமே பெரும்பாலும் வருமென்பது அதன் பொருள். இந்தக் கேலியைப் பிறரினும் மிகுதியாகச் சொல்லி மகிழ்வோர் திசிலின் ஆதரவாளர்களே.

இத்தகைய கழகத்துக்கு ஆயுள் முழுவதும் துணை நிற்பதென்றால் என்ன? அதனை அறிதற்கு, நேயர்கள் ஒரு மனிதரைத் தம் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. ஃபேர்ஹில்லின் படிக்கட்டுகளில் அவரைப் போன்றோர் பலர் உளர். 1971ஆம் ஆண்டில் அவர் பத்து வயதுச் சிறுவர். மஞ்சளும் சிவப்பும் கலந்த கழுத்துச்சால்வை அணிந்து, தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்கச் செல்பவர்.

அத்தந்தையின் அனுபவமோ கசப்பானது. திசில் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை வென்றது ஒரே ஒருமுறை. 1921ஆம் ஆண்டில், அப்பருவத்துச் சுற்றின் வெற்றியாளராகிய றேஞ்சர்சை ஒரு கோலினால் வென்றது. அது அவர் பிறக்கும் முன்னர் நிகழ்ந்த கதை. அவர் கண்டவை வேறு. சுற்றுக் கிண்ணம் எனப்படும் மற்றொரு போட்டியின் இறுதியாட்டத்துக்கு 1953, 1956, 1958 ஆகிய ஆண்டுகளில் திசில் மும்முறை சென்றது. மும்முறையும் தோற்றது. ஈஸ்ற் ஃபைஃப், செல்ற்றிக், ஹாட்ஸ் என்று எதிரிகள் மாறினர்; முடிவு மட்டும் மாறவில்லை.

1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் நாள், நான்காம் முறையாக இறுதியாட்டம். இடம் ஹம்டன் பார்க். எதிரே நின்றது செல்ற்றிக். 1967ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று, 1970ஆம் ஆண்டில் மீண்டும் அதன் இறுதியாட்டம் வரை சென்ற மாபெருங் கழகம் அது. திசிலோ, அவ்வாண்டில்தான் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த கழகம். அதன் கோல்காப்பாளர் அலன் றஃபுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. பயிற்றுநர் டேவி மக்பார்லண்ட், தாமும் பல்லாண்டு காலம் திசிலுக்காக விளையாடியவர். திசில் வெல்லுமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

பத்தாவது நிமிட அளவில் அலெக்ஸ் றே ஒரு கோல் அடித்தார். பின்னர் பொபி லோறி. அதன்பின் டெனிஸ் மக்குவேட். அடுத்து ஜிம்மி போன். இடைவேளையின்போது திசில் நான்கு, செல்ற்றிக் பூச்சியம். செய்தியைக் கேட்டோர் பலர், அறிவிப்பாளர் எண்களை இடம் மாற்றி வாசித்துவிட்டார் என்றே எண்ணினர் என்பர். பிற்பாதியில் செல்ற்றிக்கின் கெனி டல்கிலிஷ் ஒரு கோல் அடித்தார். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கிண்ணம் திசிலுக்குரியதாயிற்று. அன்று ஹம்டனில் இருந்தோர் 62,740 பேர். அவருள் ஒருவராக நின்ற அச்சிறுவர், தம் தந்தை கண்ணீர் விட்டதை முதன்முறையாகக் கண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அச்சிறுவர் அன்று எண்ணியது யாது? இது தொடக்கம் என்றே எண்ணியிருப்பார். உண்மையில் அதுவே சிகரம். அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும், அதற்கு நிகரானதொரு கிண்ணம் ஃபேர்ஹில்லுக்கு வந்ததில்லை. பெருமைப்படத்தக்கவை சில இருந்தன. அலன் றஃப் 1978, 1982 ஆகிய ஆண்டுகளின் உலகக் கிண்ணப் போட்டிகளில் ஸ்கொட்லாந்தின் கோல்காப்பாளராக நின்றபொழுது, அவர் திசிலின் ஆட்டக்காரராகவே இருந்தார். ஜோன் லம்பி என்னும் பயிற்றுநரின் நகைச்சுவையும் அத்தகையதே. தலையில் அடிபட்டு மயங்கிய ஆட்டக்காரர் தாம் யாரென்பதையே மறந்துவிட்டார் என்று ஓடிவந்து கூறினராம். ‘நல்லதாயிற்று; நீதான் பெலே என்று சொல்லி மறுபடியும் ஆட அனுப்புங்கள்’ என்ற கருத்தில் லம்பி விடை பகர்ந்ததாக இன்றும் சொல்லி மகிழ்கின்றனர்.

ஆனால், நகைச்சுவை கடனை அடைப்பதில்லை. 1997, 1998ஆம் ஆண்டுகளில் கழகம் கடனில் மூழ்கி, மறைந்தே போகும் நிலையை அடைந்தது. அதே நகரத்தில், 1904ஆம் ஆண்டு சுற்றில் முதலிடம் பெற்ற தேட் லானாக் என்னும் பழம்பெருங் கழகம், 1967ஆம் ஆண்டு மூடப்பட்டு, மீண்டும் உயர்நிலைக்குத் திரும்பாமற் போனதை எல்லாரும் அறிவர். அக்கழகம் ஆடிய மைதானத்தின் படிக்கட்டுகளிடையே இன்று மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. அந்த மரங்கள் ஃபேர்ஹில்லிலும் முளைக்கலாமென்ற அச்சமே ஆதரவாளரை எழுப்பியது. அவர்கள் கழகத்தைக் காக்கவென்று இயக்கமொன்றைத் தொடங்கிப் பணந் திரட்டினர். முப்பத்தேழு வயதினராகிவிட்ட நமது மனிதரும் தம்மால் இயன்றதை அதிலிட்டிருப்பார். கழகம் பிழைத்தது; ஆனால், 1998ஆம் ஆண்டில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பின்னர் லம்பியின் பயிற்சியில் 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் இரு படிகள் ஏறி உயர்பிரிவை அடைந்தது. மீண்டும் இறங்கியது, மீண்டும் ஏறியது.

இங்கேதான் ஓர் உண்மை தெளிவாகிறது. பெருங்கழகத்தின் ஆதரவாளர் ஒருவர் வாராது நின்றால், அவரிடத்தை நிரப்பப் பல்லாயிரவர் காத்திருப்பர். சிறு கழகத்தில் அவ்வாறன்று. அங்கே வாயிலில் ஒருவர் கொடுக்கும் சீட்டுக் காசு, ஆட்டக்காரரின் சம்பளத்தில் ஒரு பங்காகிறது. அவர் வாரா நாளில் அவரது இருக்கையின் வெறுமை கண்ணுக்குத் தெரிகிறது. பெருங்கழகம் தன் ஆதரவாளருக்கு வெற்றியைத் தருகிறது. சிறு கழகமோ, தனக்கு அவர் இன்றியமையாதவர் என்னும் உணர்வைத் தருகிறது. மனிதர் சிலருக்கு முன்னதினும் பின்னதே பெரிதாகப் படுகிறது.

கொலின் வியர் என்பவரின் கதை இதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டு சீட்டிழுப்பில் அவரும் அவர் மனைவியும் பெற்ற பரிசு பதினாறு கோடிப் பவுணுக்கும் மேல். உலகின் எந்த இன்பத்தையும் நாடியிருக்கக்கூடிய அவர், 2019ஆம் ஆண்டு நவம்பரில் திசிலின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். தாமே ஆளுவதற்கன்று, ஆதரவாளர் கையில் ஒப்படைப்பதற்காக. அடுத்த மாதமே அவர் காலமானார். அப்பங்குகள் எந்த அமைப்பின் கையில், எம்முறையில் சேரவேண்டுமென்பது பற்றிப் பின்னர் ஆதரவாளரிடையே நீண்ட வாதங்கள் எழுந்தன. பொதுச்சொத்து உள்ள இடத்தில் வாதம் எழுதல் இயல்பே. தமக்கென்று இல்லாத ஒன்றுக்காக எவரும் வாதாடுவதில்லை.

துன்பம் அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் ஆட்டங்கள் இடையில் நிறுத்தப்பட்டபொழுது, திசில் தன் பிரிவின் கடைசி இடத்தில் இருந்தது. அடுத்த கழகத்தைவிட இரண்டு புள்ளிகளே குறைவு. ஆட வேண்டிய ஆட்டம் ஒன்று மிகுதியாகவும் இருந்தது. ஆயினும் அந்த நிலையிலேயே பருவம் முடிந்ததாக அறிவிக்கப்பட, ஆடாமலே திசில் கீழே இறக்கப்பட்டது. வழக்காடியும் பயன் இல்லை. மறு ஆண்டே அது தன் பிரிவில் முதலிடம் பெற்று மீண்டது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், உயர்பிரிவுக்கு ஏறும் தகுதிப் போட்டியின் இறுதியாட்டம். எதிரி றொஸ் கவுண்டி. ஃபேர்ஹில்லில் நடந்த முதல் ஆட்டத்தில் திசில் இரண்டு கோல்களால் வென்றது. வடக்கே நெடுந்தொலைவிலுள்ள டிங்வோல் என்னும் ஊரில் நடந்த மறு ஆட்டத்திலும் முதலில் ஒரு கோல் அடித்தது. மூன்று கோல்கள் முன்னணி. அறுபது வயதைக் கடந்த நமது மனிதர், பேரன் ஒருவனை உடன் அழைத்துச் சென்றிருந்தார் என்று கொள்வோம். ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் மூன்று கோல்களும் ஈடுசெய்யப்பட்டன. மேலதிக நேரமும் முடிவு தரவில்லை. தண்ட உதைகளில் திசில் தோற்றது. 1971இல் தந்தையின் ஆனந்தக் கண்ணீரைக் கண்டவர், இப்பொழுது பேரனின் துயரக் கண்ணீரைத் துடைக்க வேண்டியவரானார்.

அந்த நெடும் பயணத்தில், வீடு திரும்பும் வழியில், அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டிருப்பார். இச்சிறுவனுக்கு இச்சுமையை ஏற்றுவது நீதியா? பள்ளிக்கூடத்தில் இவன் தோழர் பலரும் பச்சையோ நீலமோ அணிந்து, வாரந்தோறும் வெற்றியைப் பேசுவர். இவன் மட்டும் திங்கட்கிழமைதோறும் கேலிக்கு விடை கூறவேண்டும். வெல்லும் பக்கம் இவனை அனுப்பிவிட்டால் எவர் குறை கூறுவர்?

இக்கேள்விக்கு வாதத்தினால் விடை காண்பது அரிது. ஆனால், ஒன்று சொல்லலாம். தோற்றவிடத்தும் அமைதி இழவாமை, வென்றவிடத்து வியப்படைதல், தன்னையே நகையாடிக்கொள்ளுதல், பிறர் சமயத்தையும் தெருவையும் வினவாமல் பக்கத்தில் இடங் கொடுத்தல் ஆகிய இவற்றை அச்சிறுவன் அப்படிக்கட்டுகளில் கற்கிறான். இவை வெற்றியாளரின் மைதானத்தில் கற்க முடியாதவை என்று கூறவேண்டியதில்லை. எனினும், தோற்போர் மைதானத்தில் இவற்றைக் கற்காமல் இருத்தல் இயலாது.

அடுத்த பருவம் தொடங்கியபொழுது ஃபேர்ஹில்லின் வாயில்கள் வழக்கம்போலத் திறந்தன. சென்ற ஜூனில் அழுதோர் மீண்டும் வந்தனர். பழைய இடங்களிலேயே நின்றனர். முதியவரை எவரும் வற்புறுத்தி அழைக்கவில்லை. சிறுவனையும் அவர் அழைக்கவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு அவனே வாயிற்படியில் வந்து நின்றிருப்பான். நேயர்களே, தேர் எப்பொழுது நகரும் என்பது வடம் பிடிப்போர் கையில் மட்டும் இல்லை. ஆனால், பிடிக்க ஒருவரும் இல்லையென்றால் அது ஒருநாளும் நகராது.