பன்னிரண்டில் எட்டு போதும்

உத்திரமேரூர்ல இருந்து பேசுறேன்.

போன செமஸ்டர்ல காலேஜ் பாடங்களோட சேர்த்து, என்.பி.டி.இ.எல்.-ல 12 வாரக் கோர்ஸ் ரெண்டு எடுத்தேன். வாரா வாரம் வீடியோ, வாரா வாரம் அசைன்மென்ட். அஞ்சாவது வாரம் ஒரு ராத்திரி, சிக்னலுக்காக மொட்டை மாடியில போனைத் தூக்கிப் பிடிச்சு நிக்கும்போதே டெட்லைன் முடிஞ்சிடுச்சு. அழுகை வந்துடுச்சு. எல்லாத்தையும் விட்டுடலாம்னு தோணுச்சு.

மறுநாள்தான் மதிப்பெண் விதியை முழுசா படிச்சேன். 12 அசைன்மென்ட்ல சிறந்த 8-க்குத்தான் கணக்கு, அதுவும் 25 மார்க்குக்கு. மீதி 75 நேர்ல போய் எழுதுற தேர்வுக்கு. ஆக, நாலு வாரம் சறுக்கினாலும் பரவாயில்லைன்னு விதியே சொல்லுது. நான்தான் ஒரு வாரம் போனதுக்கே தோத்துட்டதா நினைச்சேன்!

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். ஒரு தடவை வாரியத்துல இருந்தவர் அடுத்த மூணு வருஷத்துக்கு வர முடியாது. அந்த விதிக்குக் காரணம் வேற. ஆனா எல்லா வேலையும் எப்பவும் ஒரே தலையில விழல.

நானும் பிரிச்சுக்கிட்டேன். திங்கள், செவ்வாய் ஒரு கோர்ஸ். புதன், வியாழன் இன்னொண்ணு. சிக்னல் நல்லா இருக்குற விடியற்காலையில வீடியோவை டவுன்லோட் பண்ணிடுவேன். அசைன்மென்ட்டை டெட்லைனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிடுவேன். காலேஜ் தேர்வு வந்த வாரம், ஒரு அசைன்மென்ட்டை நானே தெரிஞ்சு விட்டேன். அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன்.

இன்னைக்கு அடுத்த வீடியோவைத் தொடுறதுக்கு முன்னாடி, உங்க கோர்ஸோட மதிப்பெண் விதியை ஒரு தடவை படிச்சுடுங்க.