பாலர் கல்வியிற் கையின் பங்கு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தார் நடத்திவரும் பாலர் வகுப்பைப் பற்றிச் சில மாதங்களாக ஒரு குறை கூறப்பட்டு வருகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அங்கே விதைகளைப் பொறுக்கியும் நீரை ஊற்றியும் பொழுதைக் கழிக்கின்றனர் என்றும், நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியேனும் எழுதக் காணோம் என்றும், ஆகையால் அதனைப் பாடம் எழுதுவிக்கும் வகுப்பாக மாற்றிவிட வேண்டும் என்றும் அன்பர் சிலர் கருதுகின்றனர். பிள்ளைகளின் நலத்தை நாடியே அவர்கள் இவ்வாறு கூறுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கருத்துப் பொருந்துமா என்று ஆராய்வது நமது கடமையாகும்.

புளியங்கொட்டையை விரல்களால் எடுத்துக் கிண்ணத்திலிடும் குழந்தை, பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கவேண்டிய அதே விரல்களைப் பழக்குகிறது. ஐந்து கொட்டைகளைத் தொட்டெண்ணிய பின்னரே 5 என்னும் குறி அதற்குப் பொருளுடையதாகிறது. சிந்தாமல் நீர் ஊற்றுங்கால் மணிக்கட்டு உறுதி பெறுகிறது. அளவும் கவனமும் உடன் வருகின்றன.

இம்முறை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதியே அரிச்சுவடி பயின்றனர். சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு முதல் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறை இங்கிலாந்துக்கும் பரவிற்று. அயலார் போற்றிக் கொண்டதை நாம் இகழலாமோ?

மருத்துவம் கற்ற மேரியா மாண்டிசோரி அம்மையார், 1907-இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்ஸோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவர் முறையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவி அறிவர். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்கமுள்ள பத்துக் கனக் கட்டைகளை அடுக்கிப் பெரிது சிறிது உணர்வர். பிழையாக அடுக்கினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் கடிய வேண்டுவதில்லை. அவ்வம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தனர்.

நிற்க. நாமும் ஒருகாலத்தில் இப்பிழையைச் செய்தவரே. நமது பேரனுக்கு மூன்றரை வயதில் பென்சிலைக் கொடுத்து, அவன் விரலை அழுத்திப் பிடித்து நாள்தோறும் எழுதுவித்தோம். ஒரு திங்களுக்குள் நோட்டைக் கண்டதும் கட்டிலின் கீழ் ஒளியலானான். நமது மருமகள் நம்மிடம் ஒன்றும் கூறாது, தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அவன்முன் வைத்தாள். சில நாட்களில் அவனே 'ட' என்று கீறி, 'தாத்தா, பாருங்கள்' என நம்மை அழைத்தான். அன்று நாம் நாணினோம்.

இன்னுமொன்று. நம் முன்னோர் ஏர் பிடித்துக் கையால் உழைத்தே இக்குலத்தை நிலைநிறுத்தினர். சங்கக் கட்டிடமும் அவ்வுழைப்பின் பயனே. அங்ஙனமிருக்க, கையால் செய்வது கல்வியன்று என்று நம் மக்களுக்கு முதற்பாடமாகவே கற்பித்தல் தகுமா? புத்தகம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. கதையும் பாட்டும் உரையாடலும் கைவேலையோடு சேர வேண்டும். விரலும் மனமும் பக்குவப்பட்டபின் எழுத்து வரவேண்டும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, பாலர் வகுப்பை இப்போதுள்ளபடியே நடத்த இரண்டாண்டு அவகாசம் அளியுங்கள். இரண்டாவது, பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருநாட் காலை அவ்வகுப்பில் அமர்ந்து காணுங்கள். மூன்றாவது, வீட்டிலும் பட்டாணி உரிக்கவும் துணி மடிக்கவும் குழந்தையை விடுங்கள். சிறு விதைகளை வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளாதபடி அருகிருந்து காப்பது மட்டும் அவசியம்.

நம் பிள்ளைகள் கல்வியை அஞ்சி ஒளியாது, விரும்பி நாடி வளர இறைவன் அருள்புரிவானாக.