சட்டப் பேராசிரியர் அம்பேத்கார் நமக்கு விட்டுச் சென்ற பாடம்

(டாக்டர் அம்பேத்கார் நினைவு நாளில் கோத்தா திங்கியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி டில்லியில் டாக்டர் அம்பேத்கார் கண் மூடினார். இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் விடிவெள்ளி என்று கோடிக்கணக்கானோர் வணங்குகிறார்கள். தொழிற்சங்கத்தாராகிய நாம் இன்று நினைவு கூர்வது சட்டப் பேராசிரியர் அம்பேத்காரை. தொழிலாளியின் வேலை நேரத்தைச் சட்டத்தில் எழுதி வைத்த அம்பேத்காரை.

1891 ஏப்ரல் 14இல் மாவ் என்னும் பட்டாள நகரில், மகார் குலத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத் தொட அந்தப் பிள்ளைக்கு உரிமையில்லை. அந்தப் பிள்ளைதான் கடல் கடந்து, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்து, டாக்டரும் பாரிஸ்டரும் ஆனார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். பிற்பாடு பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியில் சட்டம் போதித்து, 1935இல் அதன் முதல்வரானார்.

இவ்வளவு உயர்ந்த நாற்காலி கிடைத்தால் சாதாரண மனிதன் என்ன செய்வான்? சாய்ந்து உட்கார்ந்து கொள்வான். அம்பேத்காரோ 1936இல் சுயேச்சைத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938இல் பம்பாய் சர்க்கார் வேலைநிறுத்த உரிமைக்கு விலங்கிடும் மசோதா கொண்டு வந்தபோது, சட்டசபையில் எழுந்து எதிர்த்தார். வேலை செய்ய மறுப்பவனைத் தண்டிப்பது அவனை அடிமையாக்குவதே என்று வாதாடினார். நவம்பர் 7ஆம் தேதி ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. மசோதா நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த வாதம் தோற்கவில்லை.

தோழர்களே, அதன் பொருள் நமக்கு நன்றாகப் புரியும். இந்த மலாயா மண்ணில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழியும்வரை, வேலையை விட்டு ஓடிய கூலி சிறைக்குப் போனான். ஓடியவனைக் குற்றவாளி ஆக்கியதும் சட்டந்தான். பின்னர் அந்த முறையை ஒழித்ததும் சட்டந்தான். கத்தி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. தெரிந்தவன் கையில் மரம் பால் தரும். தெரியாதவன் கையில் பட்டை காயப்படும்.

1942 முதல் 1946 வரை அம்பேத்கார் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தாமே இறங்கித் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணி என்றிருந்த வேலை நேரம் 1946இல் 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, 1928இல், பெண் தொழிலாளருக்குப் பிரசவ கால உதவி வேண்டும் என்று பம்பாய் சட்டசபையில் பேசியவர் அவர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 48 மணி ஆலைகளுக்கே கிடைத்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு 1951இல்தான் தனிச் சட்டம் பிறந்தது. அதிலும் வாரத்திற்கு 54 மணி! ஆலைக்கு ஒரு நீதி, காட்டுக்கு ஒரு நீதி. சட்டம் தோட்டத்து வாசலுக்கு எப்போதுமே தாமதமாகத்தான் வருகிறது. வந்த பிறகும், படிப்பார் இல்லையென்றால் ஆபீஸ் அலமாரியில் தூங்கிவிடுகிறது.

நம் நாட்டு நிலை என்ன? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் வாரத்திற்கு 48 மணி என்பது 45 மணி ஆயிற்று. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. இதை நம் லயங்களில் எத்தனை பேர் அறிவோம்? இருட்டில் பிரட்டுக்கு வந்து, நிரையெல்லாம் வெட்டி, மங்குப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போடும்வரை எத்தனை மணி ஆகிறது என்று எத்தனை பேர் கணக்கு வைக்கிறோம்?

கிராணிமார்களே, செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. படிக்கத் தெரியாத தோழனுக்குச் சம்பளத் துண்டை வாசித்துக் காட்டுங்கள். அது கருணை அல்ல, கடமை. பால்வெட்டுத் தோழர்களே, பக்கத்து நிரையில் வெட்டுகிறவன் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவனாக இருக்கலாம். நம் பாட்டனும் அப்படிக் கப்பலேறி வந்தவன்தான். அவனுக்கும் இதே சட்டம் உண்டு என்று சொல்லுங்கள். அவனை 50 மணி வேலை வாங்க விட்டால், நாளை நம் 45 மணியும் நிற்காது.

1949 நவம்பர் 25இல், அரசியல் சட்ட வேலை முடியும் தறுவாயில், பேராசிரியர் எச்சரித்தார்: சட்டம் எவ்வளவு நல்லதாயினும் அதை நடத்துபவர் கெட்டவரானால் அது கெட்டுவிடும், ஓட்டில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் சேர்ந்து வாழா என்றார். அவருடைய வகுப்பறை மூடிவிடவில்லை. நாம் கூடும் ஒவ்வொரு கிளைக் கூட்டமும் அந்த வகுப்பறைதான். மாலை போட்டுக் கலைந்துவிடாமல், மாதம் ஒரு முறை உட்கார்ந்து, சட்டத்தில் ஒரு பிரிவையாவது உரக்கப் படிப்போம். அதுவே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி.

வாழ்க அம்பேத்கார் புகழ்! ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!